பங்க் கேட்க வந்த பிள்ளைக்கு

மொண்டெல்லோவில் செப்ரெம்பர் முடியக் கடற்கரையில் நிரைநிரையாக நிற்கும் மரக் குடில்களைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். கோடை முழுக்கக் கால் வைக்க இடமில்லாதிருந்த மணல் வெறுமையாகிவிடும். ரெஸ்ரோரண்டுகளில் கோடைக்கு எடுத்த ஆட்களை நிற்பாட்டுவார்கள். மிஞ்சி நிற்கிற எங்களுக்குக் கோப்பை குறையும், கதை கூடும். இந்தக் கட்டுரை அப்படியொரு பின்னேரத்தில் தொடங்கியது.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒரே குசினியில் றால் கோது உடைக்கிறவர்கள், மீன் செதில் கழற்றுகிறவர்கள், சட்டி மினுக்குகிறவர்கள். மூவரும் முப்பதைக் கடந்துவிட்டோம். மூவரும் பல்கலைக்கழகத்துக்குப் போனோம், ஒருவரும் முடிக்கவில்லை. இருவர் வரலாறு படித்தவர்கள், அதாவது படிக்கத் தொடங்கியவர்கள். 2009க்குப் பிறகு ஊரை விட்டு வெளிக்கிட்டோம். எண்பதுகளில் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த மூத்தவர்களுக்கு நாங்கள் இன்றும் 'புதுப் பெடியள்' தான்.

எங்களில் ஒருவரின் பெறாமகள் இங்கேயே பிறந்தவள். பதினாறு வயது. சிசிலியப் பேச்சு வாயில் புரளும், தமிழ் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். பாடசாலை விட்டு வருகிற நாட்களில் குசினியின் பின்வாசலில் இருந்து எங்களோடு கதைப்பாள். எங்கள் மூவரையுமே சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு ஒரு கறுப்பு ரீசேர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நடுவில் கழுகு பொறித்த வட்ட முத்திரை, சுற்றிவர நான்கு பெயர்கள், மேலே 'றமோன்ஸ்' என்ற எழுத்து.

"ஆர் பிள்ளை இவை?" என்று கேட்டோம்.

"அது ஒரு மார்க் சித்தப்பா. பலாறோ சந்தையில ஐஞ்சு யூரோ."

அடுப்படியில் நின்ற எங்கள் சமையல்காரர் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அறுபதைத் தாண்டிய சிசிலியர். தமிழ் தெரியாது, ஆனால் 'மார்க்' என்ற சொல் அவருக்கு விளங்கிவிட்டது. அடுத்த அரை மணித்தியாலம் அவர் கத்தினார், நாங்கள் மொழிபெயர்த்தோம். எங்களுக்குப் பங்க் இசையைப் பழக்கிவிட்டவரே அவர்தான். பத்து வருடமாக அந்தக் குசினியில் அவருடைய பாட்டுப்பெட்டிதான் ஆட்சி. முதல் வருடம் எங்களுக்கு அது வெறும் இரைச்சல். இரண்டாம் வருடம் சட்டி தேய்ப்பதற்கு ஏற்ற தாளம். மூன்றாம் வருடந்தான் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினோம்.

எல்லாம் கேட்டபின் பிள்ளை இரண்டு கேள்வி கேட்டாள். "அப்ப எதை முதல் கேக்கிறது?" அடுத்தது: "இதில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமா?" முதற் கேள்விக்கு ஒரு பட்டியல் போதும். இரண்டாவதுக்கு வரலாறு வேண்டும். இரண்டுக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறோம். இதே கேள்விகளைக் கேட்கிற பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருப்பார்கள் என்று நினைக்கிறோம்.

*

ரீசேர்ட்டிலிருந்தே தொடங்கலாம். றமோன்ஸ் என்பவர்கள் நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதிப் பெடியள் நால்வர். 1974இல் பவறித் தெருவில் இருந்த சிபிஜிபி என்ற மதுச்சாலையில் வாசிக்கத் தொடங்கினார்கள். நால்வரும் உண்மைப் பெயரை விட்டுவிட்டு றமோன் என்ற ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். 1976 ஏப்ரலில் முதல் இசைத்தட்டு வந்தது. பதினான்கு பாட்டு, மொத்தம் 29 நிமிடம். ஒரு பானை சோறு அவிந்து இறங்குவதற்குள் முழுத் தட்டும் முடிந்துவிடும்.

அந்தக் காலத்தில் றொக் இசை எங்கள் பெரிய வித்துவான்களின் கச்சேரி மாதிரி ஆகியிருந்தது. ஒரு பாட்டுக்குள் பத்து நிமிடம் தனி வாசிப்பு, மேடையில் லொறிக்கணக்கில் கருவிகள். வாசிக்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையில் இருந்த தூரம் கோயில் மூலஸ்தானத்துக்கும் வெளிவீதிக்கும் உள்ள தூரம். றமோன்ஸ் தனி வாசிப்பையே எடுத்து எறிந்தார்கள். கிற்றாரில் சில விரல்களைச் சேர்த்துப் பிடிப்பதைக் 'கோட்' என்பார்கள். ஒரு பாட்டுக்கு மூன்று கோட் போதும் என்றார்கள். ஜொனி றமோன் கிற்றார்த் தந்திகளை மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பார், அதனால்தான் அந்தச் சத்தம் ஒரு இயந்திரம் ஓடுவதுபோல இருக்கும். முதலில் 'பிளிற்ஸ்கிரிக் பொப்' கேட்கவேண்டும். இரண்டேகால் நிமிடத்துக்கும் குறைவு. பிடிக்காவிட்டாலும் நேரம் வீணாகாது.

அவர்களின் இசைத்தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. 1996இல் கடைசிக் கச்சேரி செய்தார்கள். முதல் நால்வரில் ஜோயி 2001இலும் டீ டீ 2002இலும் ஜொனி 2004இலும் ரொமி 2014இலும் இறந்துபோனார்கள். ரீசேர்ட் மட்டும் சாகவில்லை. பிள்ளை அதை மார்க் என்று சொன்னதில் முழுப் பிழையும் அவளுடையதல்ல.

*

1976 யூலையில் றமோன்ஸ் லண்டனுக்குப் போய் வாசித்தார்கள். அங்கே ஏற்கெனவே நெருப்பு மூட்டியிருந்தது. வேலையில்லாத பெடியள், இடிந்துகொண்டிருந்த தொழிற்சாலைகள். செக்ஸ் பிஸ்டல்ஸ் அந்த நெருப்பின் முதல் சுவாலை. 1977இல் எலிசபெத் மகாராணி அரியணை ஏறிய வெள்ளிவிழாவுக்கு நாடே கொடி கட்டிக்கொண்டிருக்க, 'கோட் சேவ் த குயின்' என்று தேசிய கீதத்தின் பெயரிலேயே ஒரு பாட்டை வெளியிட்டார்கள். பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அப்படியிருந்தும் விழாக் கிழமையில் விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. அந்த மகாராணியின் முத்திரை பதித்த காகிதங்களால் ஆளப்பட்ட ஒரு தீவிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பாட்டைக் கேட்க ஒரு தனிச் சந்தோசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பிஸ்டல்ஸோடு நின்றுவிடக்கூடாது. அவர்கள் கதவை உதைத்துத் திறந்தவர்கள். வீட்டுக்குள் போனவர்கள் வேறு ஆட்கள்.

1977 எங்களுக்கும் ஒரு ஆண்டு. யூலையில் இலங்கையில் தேர்தல், ஓகஸ்ற்றில் தமிழர்மீது வன்செயல். தெற்கில் அடிபட்டவர்கள் 'லங்கா ராணி' என்ற கப்பலில் வடக்குக்கு அனுப்பப்பட்டார்கள். லண்டனில் பெடியள் உடுப்பைக் கிழித்து ஊசி குத்திக்கொண்டு நின்ற அதே மாதத்தில், எங்கள் ஆட்கள் உடுத்த உடுப்போடு கப்பல் ஏறினார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் தோன்றும். முப்பது வருடம் கழித்து ஒரு தொடர்பு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

அந்த வருடம் செப்ரெம்பரில் வந்த ஒரு பாட்டைப் பிள்ளைக்கு விசேடமாகச் சொல்லவேண்டும். எக்ஸ்-றே ஸ்பெக்ஸ் என்ற குழு, பாடியவர் பொலி ஸ்ரைரீன். தகப்பன் சோமாலியர், தாய் வெள்ளைக்காரி. பல்லுக்குக் கம்பி கட்டியிருந்த இருபது வயதுப் பெண். 'ஓ பொண்டேஜ் அப் யுவர்ஸ்' என்பது பாட்டு. பெண் பிள்ளைகள் பார்க்கப்படவேண்டும், கேட்கப்படக்கூடாது என்கிற புத்திமதியை எடுத்து அதன் முகத்திலேயே எறிகிற பாட்டு. எங்கள் வீடுகளில் அந்தப் புத்திமதி எந்த மொழியில் சொல்லப்படுகிறது என்று பிள்ளைக்குத் தெரியும். பொலி ஸ்ரைரீன் பின்னர் கிருஷ்ண பக்தி இயக்கத்தில் சேர்ந்தார், 2011இல் இறந்தார். 1978இல் வந்த 'ஜேர்ம்பிறீ அடலஸன்ற்ஸ்' என்ற ஒரேயொரு இசைத்தட்டுத்தான் அந்தக் காலத்தில் அந்தக் குழுவால் செய்யமுடிந்தது. அது போதும். அதோடு சேர்த்து 'ஸ்லிற்ஸ்' என்ற பெண்கள் குழுவின் 'ரிப்பிக்கல் கேர்ள்ஸ்' (1979) பாட்டையும் கேட்கலாம்.

*

இனி கிளாஷ். எங்கள் சமையல்காரருக்கு இதுதான் கோயில். ஜோ ஸ்ரமர் என்ற பாடகரின் தகப்பன் இந்தியாவில் லக்னோவில் பிறந்த பிரித்தானிய வெளிநாட்டுச் சேவை அதிகாரி. ஜோ பிறந்தது துருக்கியில். ஊர் ஊராகப் பெயர்ந்த பிள்ளை, பின்னர் கொஞ்சக் காலம் மயானத்தில் வேலை செய்தவர்.

அவர்களின் முதற் பாட்டு 'வைற் றயற்' (1977). பெயரைக் கேட்டுப் பயப்படக்கூடாது. 1976 ஓகஸ்ற்றில் நொற்றிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்கள் பொலிசை எதிர்த்து நின்றதைப் பார்த்து, வெள்ளை இளைஞர்களுக்கு அந்தத் துணிவு இல்லையே என்று ஆதங்கப்பட்ட பாட்டு அது. பலர் அதைத் தலைகீழாக விளங்கினார்கள். 1978இல் வந்த 'வைற் மான் இன் ஹமர்ஸ்மித் பலே' இன்னும் ஆழமானது. றெகே கச்சேரிக்குப் புரட்சியை எதிர்பார்த்துப் போன வெள்ளைக்காரன் அங்கே கேளிக்கையைக் காண்கிறான். பிறகு திரும்பித் தன்னுடைய பங்க் ஆட்களையே கேள்வி கேட்கிறான். நாங்கள் இந்தப் பாட்டை மதிப்பது அதனால்தான். எதிரியைத் திட்டிப் பாட யாராலும் முடியும், தன் பக்கத்தைப் பார்த்துக் கேட்கிற பாட்டு அரிது. 1979 டிசம்பரில் வந்த 'லண்டன் கோலிங்' இரட்டைத் தட்டைப் பிறகு ஆறுதலாகக் கேட்கலாம்.

இங்கே ஒரு பத்து நாட்கணக்கைச் சொல்லவேண்டும். 1976இல் பேர்மிங்ஹாம் மேடையில் எரிக் கிளப்ரன் என்ற பெரிய கிற்றார் வித்துவான் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசினார். பொப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர் அவர். அதற்குப் பதிலாகத்தான் 'இனவாதத்துக்கு எதிரான றொக்' என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று அவர்கள் லண்டன் விக்ரோறியாப் பூங்காவில் பெரிய விழா வைத்தார்கள். கிளாஷ், எக்ஸ்-றே ஸ்பெக்ஸ், ஸ்ரீல் பல்ஸ் என்ற றெகே குழு, ரொம் றொபின்சன் குழு எல்லோரும் வந்தார்கள். பல பத்தாயிரம் பேர் திரண்டார்கள். நான்கு நாள் கழித்து, மே 4 அன்று, அதே கிழக்கு லண்டனில் அல்ரப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் குத்திக் கொல்லப்பட்டார். ஒரு கச்சேரி ஒரு கத்தியை நிற்பாட்டாது. ஆனால் அல்ரப் அலியின் உடலோடு ஆயிரக்கணக்கானோர் தெருவில் நடந்தார்கள். கச்சேரிக்குப் போனவர்கள் அதற்குப் பிறகு எங்கே நின்றார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தப் பத்து நாளின் கடைசியில், மே 9 அன்று, இங்கே பலெர்மோவுக்குப் பக்கத்தில் சினிசியில் பெப்பினோ இம்பஸ்தாத்தோ கொல்லப்பட்டார். மாபியாக் குடும்பத்தில் பிறந்து மாபியாவை எதிர்த்தவர். 1977இல் நண்பர்களோடு 'றேடியோ அவுற்' என்ற சொந்த வானொலி தொடங்கி, ஊர்ப் பெரிய தலைகளைப் பெயர் மாற்றிப் பகிடி பண்ணினவர். அவர் பங்க் அல்ல. ஆனால் இருக்கிற கருவியை வைத்து, அனுமதி கேட்காமல், சொந்தக் குரலில் பேசுவது என்பதுதான் அந்த ஆண்டுகளின் மூச்சு. அவரைக் கொன்று ரயில் தண்டவாளத்தில் வெடிவைத்தார்கள், தானே வெடிவைக்கப் போய்ச் செத்தான் என்று கதை கட்டினார்கள். அந்தக் கதையின் வடிவம் எங்களுக்குப் புதிதல்ல. பலெர்மோ விமான நிலையம் இருப்பது சினிசி நிலத்தில். அந்த ஓடுபாதைக்காகக் காணி இழந்த விவசாயிகளுக்காகவும் அவர் போராடினார்.

1979 ஏப்ரல் 23 அன்று லண்டன் சவுத்தோலில் நாஷனல் பிரன்ற் என்ற இனவாதக் கட்சி கூட்டம் போட்டது. ஊரிலிருந்த தென்னாசியர்கள் தெருவுக்கு வந்து மறித்தார்கள். பொலிஸ் அடித்ததில் பிளேயர் பீச் என்ற ஆசிரியர் இறந்தார். மிஸ்ரி இன் றூற்ஸ் என்ற றெகே குழுவின் கிளாரன்ஸ் பேக்கர் தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தார். அவர்களின் தோழர்களான 'றற்ஸ்' என்ற பங்க் குழு அதை 'ஜா வோர்' என்று பாட்டாக்கியது. 'பபிலோன்ஸ் பேர்னிங்' பாட்டை முதலும் 'ஜா வோர்' பாட்டை அடுத்ததாகவும் கேட்கவேண்டும்.

அதே காலத்தில் 'ஏலியன் கல்ச்சர்' என்றொரு குழுவும் இருந்தது. பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெடியள் மூவர், வெள்ளையர் ஒருவர். 1978 தொடக்கத்தில் மார்க்கிரட் தட்சர் தொலைக்காட்சியில் வேற்றுப் பண்பாட்டு மக்கள் நாட்டை மூழ்கடித்துவிடுவார்கள் என்ற பயத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சிலிருந்துதான் தங்கள் பெயரை எடுத்தார்கள். 1980இல் ஒரேயொரு தட்டு. அதில் 'ஏசியன் யூத்' என்ற பாட்டு. வீட்டில் ஒரு பிள்ளை, வீதியில் இன்னொரு பிள்ளை என்று வாழ்வதைப் பற்றியது. 'எங்கட ஆக்கள்' என்ற வட்டத்தைக் கொஞ்சம் அகலமாகக் கீறினால், முதற் பதில் இதுதான்.

பங்க் ஆட்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று பிள்ளை நினைத்துவிடக்கூடாது. ஆரம்பத்தில் சிலர் அதிர்ச்சிக்காக நாசிச் சின்னம் அணிந்தார்கள். சில குழுக்களின் கச்சேரிகளில் மொட்டைத் தலை இனவாதிகள் முன்வரிசையில் நின்றார்கள். 'ஸ்குறூட்றைவர்' என்ற குழு அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்தது. இதே மூன்று கோட்டில் எங்களைத் துரத்தும் பாட்டும் பாடலாம். ஆகவே சத்தத்தைக் கேட்டு முடிவெடுக்கக்கூடாது, சொல்லையும் கேட்கவேண்டும்.

*

எங்கள் சமையல்காரர் கிளாஷை நேரில் பார்த்தவர். 1980 யூன் 1, பொலோனியா நகரின் மாஜோறே சதுக்கம், இலவசக் கச்சேரி. அவர் அங்கே படிக்கப் போன மாணவர். அவரும் எங்களைப்போல முடிக்காதவர்தான். அந்தக் கச்சேரிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1977 மார்ச்சில் பொலோனியாவில் பிரன்செஸ்கோ லொறுஸ்ஸோ என்ற மாணவர் காரபினியேரியின் சூட்டில் இறந்தார். அடுத்த நாள் 'றேடியோ அலிச்சே' என்ற மாணவர் வானொலியைப் பொலிஸ் உடைத்து மூடியது. நகரத்தை ஆண்டது கம்யூனிஸ்ற் கட்சி. கோபித்துப்போன இளைஞர்களைச் சமாதானப்படுத்த அந்த நகரசபையே பிறகு கிளாஷைக் கூப்பிட்டது. ஆயிரமாயிரம் பேர் ஆடினார்கள். ஆனால் உள்ளூர்ப் பங்க் பிள்ளைகள் சிலர் சதுக்கத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள்: அரசும் பெரிய இசைத்தட்டுக் கம்பனியும் சேர்ந்து போடுகிற விருந்து எங்களுக்கு வேண்டாம் என்பது அதன் சாரம். எங்கள் சமையல்காரர் பிரசுரத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முழுக் கச்சேரியும் ஆடினாராம். "இரண்டுமே சரி" என்கிறார் இன்றைக்கும்.

அந்தக் கோடை அதோடு முடியவில்லை. யூன் 27 அன்று பொலோனியாவிலிருந்து பலெர்மோவுக்கு வந்த விமானம் உஸ்திக்கா தீவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்து 81 பேரும் இறந்தார்கள். ஓகஸ்ற் 2 அன்று பொலோனியா ரயில் நிலையத்தில் நவபாசிசவாதிகள் வைத்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். காசில்லாததால் விமானத்தில் வராத மாணவர்களில் அவரும் ஒருவர். ரயிலிலும் வேறு நாளில் வந்தார். அந்தப் பாட்டுக்களைப் போடும்போது சிலவேளை அவர் ஒன்றும் பேசாமல் வெங்காயம் வெட்டுவார். நாங்களும் கேட்பதில்லை. குண்டுக்கு முந்திய நாளில் கேட்ட பாட்டு எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும்.

இத்தாலியில் பிறகு வந்தவர்களில் இரண்டு பெயர் போதும்: றெஜ்ஜோ எமிலியாவின் 'சிசிசிபி', தூரின் நகரின் 'நெகாத்சியோனே'. பாடசாலையிலேயே யாராவது ஒரு ஆசிரியரிடம் அந்தத் தட்டுக்கள் இருக்கும்.

*

இனி எங்களுக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறோம். வட அயர்லாந்து. எழுபதுகளில் அங்கே இராணுவம், சோதனைச்சாவடி, குண்டு, இரு பக்கத்து ஆயுதக்காரர். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பெல்பாஸ்ற் நகர மையம் செத்துக் கிடக்கும். வெளியூர் இசைக்குழுக்கள் வரப் பயந்தன. ஆகவே அங்குள்ள பெடியள் தாங்களே குழு தொடங்கினார்கள். கத்தோலிக்கப் பிள்ளையும் புரட்டஸ்தாந்துப் பிள்ளையும் ஒரே அறைக்குள் நின்ற மிகச் சில இடங்களில் பங்க் கச்சேரியும் ஒன்று.

'ஸ்ரிஃப் லிற்றில் பிங்கேர்ஸ்' பெல்பாஸ்ற் குழு. 1978இல் 'சஸ்பெக்ற் டிவைஸ்', 'ஓல்ரர்நேற்றிவ் அல்ஸ்ரர்' என்று இரண்டு பாட்டு. இராணுவத்தையும் கேட்டார்கள், விடுதலை தருகிறோம் என்று சொன்ன ஆயுதக்காரரையும் கேட்டார்கள்: எங்கள் உயிரை வைத்து நீங்கள் என்ன வியாபாரம் செய்கிறீர்கள்? இன்னொரு குழு டெறி நகரின் 'அண்டர்ரோன்ஸ்'. அவர்கள் யுத்தத்தைப் பற்றிப் பாடவே மாட்டோம் என்றார்கள். பெல்பாஸ்ற்றில் ரெறி ஹூலி என்பவர் நடத்திய 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற சிறிய இசைத்தட்டுக் கடை 1978இல் அவர்களின் 'ரீன்ஏஜ் கிக்ஸ்' பாட்டை வெளியிட்டது. ஒரு பெடியனுக்கு ஒரு பெட்டையைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் பாட்டு. பிபிசியின் ஜோன் பீல் அதைச் சாகும்வரை தனக்குப் பிடித்த பாட்டென்று சொன்னார். அவருடைய கல்லறையில் அதன் சொற்கள் இருக்கின்றன.

யுத்தத்துக்குள் இருந்து எதைப் பாடுவது என்று இந்த இரண்டு குழுக்களும் சண்டை பிடித்தன. அந்தச் சண்டையைக் கேட்டபோது எங்களுக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. எங்கள் இளமையில் எங்களுக்கு இரண்டு வகைப் பாட்டே இருந்தது: எழுச்சிப் பாட்டு, சினிமாப் பாட்டு. முதலாவதில் கேள்வி இல்லை, இரண்டாவதில் ஊர் இல்லை. இராணுவத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம், வெளியே யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தைப் பார்த்துக் கேட்பதற்கோ வாய் வரவில்லை. அல்லது யுத்தம் நடக்கிற ஊரில் ஒரு பெட்டையைப் பிடித்திருக்கிறது என்பதை மட்டும் பாடியிருக்கலாம். அதுவும் வெட்கமாக இருந்தது, சாவீட்டில் சிரிக்கிற மாதிரி. எங்கள் வயதுக்காரர் மூன்று கோட் இல்லாததால் பேசாமல் இருக்கவில்லை. பயம் இருந்தது, அதைவிடப் பெரிதாக, பேசாமல் இருப்பது நல்ல பழக்கம் என்ற நினைப்பு இருந்தது. இதைப் பிள்ளைக்குச் சொல்லாமல் பட்டியல் மட்டும் கொடுப்பது நேர்மையாக இருக்காது.

ஆனால் எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை என்பதும் பொய். எழுபதுகளில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் கிற்றாரோடு பாடினார். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடினார். சங்கீதம் படிக்காதவரும் கலியாண வீட்டில் தட்டிப் பாடக்கூடிய பாட்டுக்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், பெடியள் பாடினார்கள். மூன்று கோட்டும் வாயில் இருக்கிற மொழியும் எங்களுக்கும் இருந்தன. அதில் கோபத்தை ஏற்ற எங்களுக்குக் காலம் வாய்க்கவில்லை.

கோபத்தைக் காகிதத்தில்தான் ஏற்றினோம். 1976 யூலையில் லண்டனில் மார்க் பெறி என்ற வங்கி எழுத்தர் 'ஸ்னிஃபின் குளூ' என்ற பங்க் சஞ்சிகையைத் தானே தட்டச்சுச் செய்து, படப்பிரதி எடுத்து, கம்பி அடித்து வெளியிட்டார். பத்துக்கணக்கான பிரதிகளில் தொடங்கி ஆயிரக்கணக்காகப் போனது. தொண்ணூறுகளுக்குள் ஜேர்மனியில் 'தூண்டில்', சுவிஸில் 'மனிதம்', நோர்வேயில் 'சுவடுகள்', பாரிஸில் 'அம்மா', 'எக்ஸில்', 'உயிர்நிழல்' என்று எங்கள் மூத்தவர்கள் செய்ததும் அந்த வேலைதான்: பகலில் கோப்பை கழுவி, இரவில் பக்கம் கோர்த்தார்கள். அவர்களுக்குப் பங்க் என்றால் என்னவென்று தெரிந்திருக்கத் தேவையில்லை.

*

கடைசியாக, பிள்ளையின் இரண்டாவது கேள்வி.

1982இல் கிளாஷ் 'ஸ்ரெயிற் ரு ஹெல்' என்று ஒரு பாட்டுச் செய்தது. வேகமில்லை, மெதுவான தாளம், தூரத்தில் அழுவதுபோல ஒரு கிற்றார். மூடப்பட்ட உருக்காலை ஊரில் வந்தவர்களைத் திரும்பிப் போ என்கிறார்கள். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிறந்த பிள்ளை தகப்பனைக் கேட்கிறது, தகப்பன் ஏற்கவில்லை. யாருக்கும் வேண்டாத மனிதரின் பாட்டு. 1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழ் அகதிகள் உடுப்பைக் கழற்றி உள்ளாடையோடு நின்று மறுத்தார்கள். பங்க் பெடியள் உடுப்பைக் கிழித்துப் பேசியதை அவர்கள் கழற்றிப் பேசினார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்தப் பாட்டு ஞாபகம் வரும்.

அந்தக் காலத்தையொட்டித்தான் மாதங்கி அருள்பிரகாசம் என்ற சிறுமி தாயோடும் சகோதரங்களோடும் அகதியாக லண்டனுக்குத் திரும்பினாள். பிறந்தது அங்கே, 1975இல். வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். தகப்பன் அருளர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1977இன் அகதிக் கப்பலை வைத்து 'லங்கா ராணி' நாவலை எழுதியவரும் அவரே. மகள் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடத் தொடங்கினார். முதல் இசைத்தட்டுக்குத் தகப்பனின் பெயர் 'அருளர்' (2005), இரண்டாவதுக்குத் தாயின் பெயர் 'கலா' (2007). 'கலா'வில் உள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது கிளாஷின் 'ஸ்ரெயிற் ரு ஹெல்' கிற்றார்தான். பாட்டெழுதியோர் வரிசையில் கிளாஷின் பெயர்களும் இருக்கின்றன. விசாவையும், வந்தேறிகளைப் பற்றி உலகம் வைத்திருக்கும் பயத்தையும் பகிடி பண்ணுகிற பாட்டு. 2008இல் அமெரிக்க விற்பனை வரிசையில் நான்காம் இடத்துக்கு வந்தது. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்திலும் சேர்க்கப்பட்டது. 2010இல் 'போர்ன் ஃபிறீ' பாட்டுக்கு, நியூயோர்க்கின் 'சூயிசைட்' குழு 1977இல் செய்த 'கோஸ்ற் றைடர்' பாட்டின் இரைச்சலை எடுத்தார். இப்படி 1977 இரண்டு பக்கத்தாலும் அவரிடம் வந்து சேர்ந்தது: கப்பலிலிருந்தும் இசைத்தட்டிலிருந்தும்.

2009 பெப்ரவரி 8 அன்று நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் அமெரிக்காவின் கிறமி மேடையில் பாடினார். அன்றைக்கு வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் அப்போது பதினெட்டு, இருபது வயதில் இருந்தோம். அந்தப் பாட்டை நாங்கள் கேட்டது நெடுங்காலம் கழித்து, மொண்டெல்லோவில், ஒரு சிசிலியரின் பாட்டுப்பெட்டியில். "இது உங்கட ஆள்" என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். எம்.ஐ.ஏ. சொல்வது எல்லாவற்றோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. எங்கள் மூவருக்குள்ளேயே அவரைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. ஆனால் பிள்ளைக்கு 'இல்லை' என்று பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒழுங்கு இது: முதலில் றமோன்ஸின் முதல் தட்டு. பிறகு எக்ஸ்-றே ஸ்பெக்ஸ். கிளாஷின் ஹமர்ஸ்மித் பாட்டு. றற்ஸ். பெல்பாஸ்ற்றும் டெறியும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. அமெரிக்காவின் கோபம் வேண்டுமானால் 'டெட் கென்னடீஸ்' குழுவின் 'ஹொலிடே இன் கம்போடியா' (1980), அதோடு வாஷிங்ரனின் கறுப்பின இளைஞர் குழுவான 'பாட் பிறெய்ன்ஸ்'. ஏலியன் கல்ச்சர். அதன் பிறகு 'ஸ்ரெயிற் ரு ஹெல்', உடனேயே 'பேப்பர் பிளேன்ஸ்'. முடிந்தால் அன்றிரவே தகப்பனிடம் 'சின்ன மாமியே' பாடச் சொல்லிக் கேட்கவேண்டும். அவருக்கு முழுப் பாட்டும் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும்.

மூன்று கிழமைக்குப் பிறகு பிள்ளை வந்தாள். டெறிக் குழுதான் பிடித்ததாம். யுத்தத்தைப் பற்றிப் பாடாதவர்கள். எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பிறகு யோசித்துப் பார்த்தோம், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. பாடசாலையில் ஒரு சிசிலியப் பெடியனும் ஒரு வங்காளிப் பெட்டையும் சேர்ந்து குழு தொடங்கப் பார்க்கிறார்களாம். கிற்றாரில் இரண்டு கோட் பழகிவிட்டாள். மூன்றாவது பிடிக்க விரல் நோகுதாம்.

"என்ன பாசையில பாடப் போறியள்?" என்று கேட்டோம்.

"அதுதான் சித்தப்பா சண்டை" என்றாள்.